படர்தாமரைக்கு மாத்திரை சாப்பிட்ட கதை

பாவாடை நாடா கட்டும் இடத்தில்தான் அது முதலில் வந்தது. காசு அகலத்தில் ஒரு சிவந்த வட்டம். ஓரம் தடித்திருந்தது, நடுத்தோல் சாதாரணமாக இருந்தது. வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன்.

கிளிஞ்சல்மேட்டில் மதியம் மட்டும் மீன் குழம்புச் சாப்பாடு போடும் கடை என்னுடையது. அடுப்பு வெக்கையும் மீன் கழுவும் தண்ணீரும் சேர்ந்து, காலையில் நனையும் இடுப்பு சாயங்காலம்வரை காயாது. வட்டம் பெரிதானபோது மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். "இதப் போடுங்கக்கா, ரெண்டே நாள்ல போயிடும்" என்றார் கடைக்காரர். போனது. பிறகு திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி போனது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூடுதல் இடம் பிடித்தது. தொடை, மார்புக்கு அடியில், கடைசியில் முன்கை.

அந்த டியூபில் ஸ்டீராய்டு (சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து, படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது, அது பரவ வழிவிடும்) கலந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டியூப் இருக்கலாம். போய்ப் பாருங்கள்.

ஒரு நாள் வாடிக்கையாக வருபவர் ஒருவருக்குச் சோறு வைக்கக் குனிந்தேன். என் முன்கையைப் பார்த்ததும் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க வைக்காதீங்க. அண்ணன வைக்கச் சொல்லுங்க" என்று, பணம் வாங்கிக்கொண்டிருந்த என் கணவரைக் காட்டினார்.

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. இத்தனை மாதம் என் உடம்பை வட்டம் வட்டமாகத் தின்றுகொண்டிருந்ததே, அதன்மேல். மறுநாள் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் என் நாத்தனார் போனில் தடுத்தாள். "அண்ணி, தேமலுக்கெல்லாம் போயி மாத்திர சாப்புடாதீங்க. ஈரல் போயிடும்."

அதையே டாக்டரிடம் கேட்டேன். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. "ஈரலக் கெடுக்குமா டாக்டர்?"

அவர் சிரித்து மழுப்பவில்லை. "கெடுக்கலாம். ரொம்ப அபூர்வம். அதனாலதான் மொதல்ல ரத்தம் எடுத்து ஈரல் நல்லா இருக்கான்னு பாக்குறோம். கண்ணு மஞ்சளானா, ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போனா, சோத்தப் பாத்தாலே கொமட்டுனா, வலது விலாவுக்குக் கீழ வலிச்சா, ஒடம்புல தடிச்சா, அன்னிக்கே நிறுத்திட்டு வரணும். நாக்குல ருசி மாறுனாலும் வாங்க."

பயமுறுத்தும் பேச்சுதான். ஆனால் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விட்டது. ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. டெர்பினஃபைன் (பூஞ்சையைக் கொல்லும் வாய்வழி மருந்து) எழுதிக்கொடுத்தார். டியூபைக் குப்பையில் போடச் சொன்னார். "நிறுத்துனதும் கொஞ்ச நாள் அரிப்பு கூடத்தான் செய்யும். அசராதீங்க" என்றார். கூடத்தான் செய்தது. வட்டங்கள் எல்லாம் தீப்பற்றியதுபோல் எரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன். முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கடையைத் திறந்தேன். கேட்டவர்களிடம் ஒளிக்கவில்லை. "பூஞ்சை. மருந்து சாப்புடுறேன். கொதிக்கிற கொழம்புல அது வராது" என்றேன்.

சில வாரத்தில் அரிப்பு அடங்கியது. அப்போதுதான் அடுத்த அடி விழுந்தது.

"என்னக்கா, கடலயே கரச்சு ஊத்திட்டீங்களா?" என்றார் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர். குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். எனக்கு உப்பே தெரியவில்லை. புளியை எடுத்து வாயில் போட்டேன். நனைந்த காகிதத்தை மெல்வதுபோல் இருந்தது. சர்க்கரை, மிளகாய்த்தூள் எதுவும் தெரியவில்லை. மிளகாய் சுட்டது, ருசிக்கவில்லை.

சமைத்துப் பிழைப்பவளுக்கு நாக்கு போனால் என்ன மிச்சம்? அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். மதியம் கடையில் பணம் வாங்கிப் போடுவார். அவர் சொன்னார்: "எல்லாத்தயும் நிறுத்து. பழய டியூபயே போடு. வட்டம் இருந்தா இருந்துட்டுப் போவுது."

"மாத்திரய நிறுத்துறேன். வைத்தியத்த நிறுத்த மாட்டேன்" என்றேன். அன்றே பஸ் ஏறினேன்.

டாக்டர் அந்த மாத்திரையை அடியோடு நிறுத்தினார். மறுபடி ரத்தம் பார்த்தார். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ருசி திரும்பிடும். சில வாரம் ஆகும், சிலருக்குச் சில மாசம்."

"கண்டிப்பாத் திரும்புமா?"

"பெரும்பாலும்."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அடுத்த சில மாதங்களை ஓட்டினேன்.

மாற்று மருந்து இட்ரகோனசோல் என்ற கேப்சூல். அதை எழுதுமுன் மூச்சிரைப்பு உண்டா, கால் வீங்குமா, இதயத்தில் கோளாறு உண்டா என்று கேட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்டார். கடை முடிந்து நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவதால் நானே வாங்கிப் போட்டுக்கொள்ளும் கேஸ் மாத்திரையைச் சொன்னேன். "அத விடுங்க. இந்தக் கேப்சூல் ஒடம்புல சேர வயித்துல அமிலம் வேணும். வயிறு நெறயச் சாப்புட்ட ஒடனே போடுங்க" என்றார். கேஸ் மாத்திரையோடு அதை விழுங்கியிருந்தால் பாதி வீணாய்ப் போயிருக்கும்.

நாக்கு இல்லாமல் சமைக்கப் பழகினேன். மூக்கு வேலை செய்தது. புளி பச்சை வாடை போவதையும் எண்ணெய் பிரிவதையும் அது சொல்லிவிடும். உப்பை மட்டும் கணவர் பார்த்தார். என் சமையலைப் பற்றிக் கல்யாணமானதிலிருந்து வாயே திறக்காதவர், திடீரென்று நீதிபதி ஆகிவிட்டார். "இன்னும் ஒரு சிட்டிக… ம்ம், இன்னும் கொஞ்சம்." கடுப்பாக இருக்கும். ஆனால் நாக்கு போனதற்காகக் கடையை ஒரு நாளும் மூடவில்லை.

அவருக்கும் தொடையில் வட்டம் இருந்தது. வெட்கப்பட்டு மறைத்துவைத்திருந்தார். ஒரு நாள் கை கழுவிவிட்டுத் திரும்பினால், என் அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கி, தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்திருக்கிறார்.

பாய்ந்துபோய்க் கையைத் தட்டிவிட்டேன். சொம்பு உருண்டது.

"ஒரே வியாதிதானடி? எதுக்கு நானும் போயி வரிசையில நிக்கணும்?"

"எனக்கு எழுதுறதுக்கு எத்தன கேள்வி கேட்டாங்க தெரியுமா? ஒங்ககிட்ட ஒண்ணாவது கேட்டாங்களா? கொழுப்புக்கு மாத்திர சாப்புடுறீங்களே, அது ஞாபகம் இருக்கா?"

மறுநாள் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். அவருடைய கொழுப்பு மாத்திரை அட்டையைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. "இதயும் அந்தக் கேப்சூலயும் சேத்துச் சாப்புடவே கூடாது. தசை அழிஞ்சு கிட்னிய அடச்சிடும். நல்லவேள, தடுத்தீங்க." அவருக்கும் ரத்தம் பார்த்து, எனக்கு முதலில் கொடுத்த மாத்திரையையே எழுதினார். "இவருக்கும் ருசி போச்சுன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்றேன். டாக்டரே சிரித்துவிட்டார். நல்லவேளை, அவருக்குப் போகவில்லை.

துண்டு, படுக்கை, உள்பாவாடை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டேன். அவரவர்க்குத் தனித் துண்டு. வட்டங்கள் மங்கி மறைந்தன. மறைந்த பிறகும் டாக்டர் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை உள்ளே இருக்கும் என்றார். போதும் என்று அவர் சொல்லும்வரை சாப்பிட்டேன்.

முதலில் திரும்பி வந்தது கசப்பு, காலைக் காப்பியில். அவ்வளவு கசந்த காப்பியை அவ்வளவு சந்தோஷமாக நான் குடித்ததே இல்லை. பிறகு புளிப்பு, பிறகு உப்பு. இனிப்பு வரப் பொங்கல் ஆகிவிட்டது.

என் தொடையில் இப்போது வெள்ளிக் கம்பி இழுத்ததுபோல் கோடுகள் இருக்கின்றன. மாத்திரை தந்தவை அல்ல, டியூப் தந்தவை. இனிப் போகாது என்று சொல்லிவிட்டார்கள். மீன் ஏலத்தில் யாராவது ஒரு பெண் இடுப்பைச் சொறிவதைப் பார்த்தால் தனியே கூப்பிட்டு அவற்றைக் காட்டுகிறேன். வெட்கமெல்லாம் எனக்குத் தீர்ந்துவிட்டது.

முன்பெல்லாம் என் உடம்பை நான் பார்த்ததில்லை. அது வேலை செய்தது, நான் ஓட்டினேன். குளித்த ஈரத்தோடு சேலையைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு ஓடுவேன். இப்போது கதவைத் தாழிட்டுக்கொண்டு காற்றாடிக்குக் கீழே நிற்கிறேன். இடுப்பு, தொடை, மார்பின் அடி என்று ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்து, தோல் காயும்வரை நிற்கிறேன். அந்த நேரத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள். மீன் வந்துவிட்டது என்பார்கள், அடுப்பு எரிகிறது என்பார்கள்.

எரியட்டும். நான் இன்னும் காயவில்லை.