சீரோஸ் தீவும் பதியாத விரல்களும்

கிரேக்கத்தில் இருக்கும் சீரோஸ் தீவுக்கு நானும் மனைவியும் போய் வந்தது இது பதினோராவது தடவை. செப்டம்பர் கடைசிக் கிழமை, சனிக்கிழமை புறப்பட்டு மறு சனி திரும்பினோம். வந்து ஒன்பது நாளாகிவிட்டது, முழங்கால் வலி மட்டும் இன்னும் போகவில்லை. லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற இடத்திலும் பக்கத்து டூட்டிங்கிலும் எங்களைக் காண்கிறவர்கள் எப்படிப் போவது, எவ்வளவு முடியும் என்று கேட்டபடியே இருக்கிறார்கள். அதனால் இம்முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மனைவி சரோஜா தட்டுகிறாள். நேரமும் விலையும் என் தலையிலிருந்து வருபவை. எழுத்துப்பிழை இருந்தால் அது அவளுடையது.

ஏன் சீரோஸ் என்று கேட்பீர்கள். இருபத்து நாலு வயதில் நான் ஒரு கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலில் வேலை செய்தேன். எங்கள் கரையோர ஊர்களில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவன் கப்பலில் இருப்பான். அடித்தகடு பழுதாகி எங்கள் கப்பல் சீரோஸ் துறைமுகத்தில் நாலு மாதம் கரையில் ஏற்றிக் கிடந்தது. கப்பலின் அடியைச் சுரண்டி வர்ணம் பூசியபடி அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குன்று, இரண்டு உச்சியிலும் தேவாலயம், கீழே வெள்ளை வெள்ளையாக வீடுகள். லண்டன் வந்து முப்பது வருடம் சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவி ஓய்வெடுத்த பிறகு, விடுமுறை என்று நினைத்ததும் எனக்கு வேறு இடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

சரோஜாவின் காரணம் வேறு. "அங்கை ஒருத்தரும் எங்களுக்குக் கலியாணக் கார்ட் கொண்டு வரமாட்டினம்" என்பாள். லண்டனில் எங்களுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று கிடையாது. சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு மண்டபத்தில் மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்துதான் சாப்பாட்டைக் காண்போம்.

இம்முறை ஒரு பயத்தோடுதான் போனோம். போன வருடம் கட்விக் விமான நிலையத்தில் நகரும் படியில் நான் இடறி விழுந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் எங்கள் ஒரே மகள் வாணிக்கு அது போதுமாக இருந்தது. "அப்பா, இந்த முறை ஏதும் பிழைச்சால் இதுதான் கடைசி. பிறகு எங்களோடதான் வாறது" என்று சொல்லிவிட்டாள். வாணி குடும்பத்தோடு போவதென்றால், சாப்பாடு எல்லாம் உள்ளேயே என்று கையில் பட்டி கட்டிவிடும் பெரிய ஹோட்டல். ஒருமுறை போயிருக்கிறோம். ஐந்து நாளும் நீச்சல் குளத்தைச் சுற்றிப் படுத்திருந்தார்கள், கடல் எந்தப் பக்கம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் இம்முறை பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரிப் புறப்பட்டோம்.

காலை ஐந்தேகாலுக்கு வீட்டைப் பூட்டினோம். மிச்சத்திலிருந்து டிராமில் ஈஸ்ட் குரொய்டன் இருபது நிமிடம். சனிக்கிழமை என்பதால் வயோதிபர் பாஸ் காலையிலிருந்தே செல்லும், காசு இல்லை. அங்கிருந்து கட்விக்குக்கு ரெயில் பதினேழு நிமிடம். இதற்கு அந்தப் பாஸ் செல்லாது, டிக்கெட் எடுக்கவேண்டும். பலர் தெரியாமல் ஏறித் தண்டம் கட்டியிருக்கிறார்கள். விமான டிக்கெட் மேயிலேயே வாங்கியது, ஆளுக்குப் போகவர நூற்றெண்பத்தாறு பவுண்.

பாதுகாப்புச் சோதனையில் சரோஜாவின் கைப்பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளே அரைக் கிலோ மிளகாய்த்தூள், மூன்று பைகளுக்குள் சுற்றிக் கட்டியபடி.

"பெரிய பாக்கில வைக்கச் சொன்னனான் எல்லோ?"

"பெரிய பாக் துலைஞ்சால் ஒரு கிழமைக்கு என்னத்தைத் தின்னுவியள்?"

சோதித்த பிள்ளை தூளை முகர்ந்து பார்த்து, இரண்டு தும்மல் தும்மி, ஒரு வெள்ளைத் துணியால் தடவி இயந்திரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டாள். பன்னிரண்டு நிமிடம் போனது. தூள் கொண்டுபோகிறவர்கள் பெரிய பையிலேயே வையுங்கள். இறைச்சி, பால் சாமான் எதையும் கொண்டுபோகவே வேண்டாம், அங்கே விடமாட்டார்கள்.

எட்டு நாற்பதுக்குக் கிளம்பிய விமானம் அங்கத்தைய நேரம் பிற்பகல் இரண்டு இருபதுக்கு ஏதென்ஸில் இறங்கியது. லண்டனை விட இரண்டு மணிநேரம் முந்தியது கிரேக்கம். எங்கள் கப்பல் ஐந்தரைக்கு. மூன்று மணிநேரம் இருக்கிறதே என்று பத்து வருடமாக இதே கணக்கில்தான் போய்வந்தோம்.

கடவுச்சீட்டு வரிசையில்தான் அந்தக் கணக்குப் பிழைத்தது. இப்போது பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரிடம் முகப் படமும் விரலடையாளமும் எடுக்கிறார்கள். வரிசை மட்டும் ஐம்பது நிமிடம். சரோஜாவுக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவளை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். நான் வலது கையின் நாலு விரலையும் இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்தேன், விளக்கு எரிந்தது. சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். திரும்பவும் சிவப்பு. அதிகாரி தன் கையால் என் விரல்களை அழுத்திப் பிடித்தான். அதுவும் சிவப்பு. கப்பல் கயிறும் கம்பியும் பாதி, முப்பது வருடச் சவர்க்காரத் தண்ணீர் மீதி, என் விரலில் ரேகை என்று ஒன்று இல்லை. இடது கையிலும் அதே கதை.

ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சரோஜா நின்று கையைக் காட்டினாள். எங்களுடைய காகிதம் எல்லாம், அறை விலாசம், திரும்பும் டிக்கெட், என் மருந்துச் சீட்டு, எல்லாம் அவளுடைய பையில். நாற்பத்தாறு வருடமாக எனக்கு வாசிக்கிற கண் அவளுடையது. இப்போது அது தடுப்புக்கு அந்தப் பக்கம். இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றேன். கால் கடுத்தது. அதைவிட, வாணி இதைக் கேட்டால் என்ன சொல்வாள் என்ற யோசனை.

பிறகு வயதில் மூத்த ஒரு அதிகாரி வந்து, எங்கே தங்குகிறாய், காகிதம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் கிரேக்க மொழியில் சொன்னேன். நாங்கள் தங்கும் வீட்டுக்காரி கத்தினாவின் பெயர், தெரு, கதவிலக்கம், அவளுடைய தொலைபேசி எண், திரும்பும் நாள், விமான எண், மாலைக் கப்பலின் நேரம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். வாசிக்கத் தெரியாதவனுக்கு ஒருமுறை கேட்டால் அழியாது. கடைசியில், இந்த இயந்திரத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் ஒரு சொல்லில் சொன்னேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எங்கே பழகினாய் இந்தக் கிரேக்கம்?"

"கப்பல் தளத்திலை."

"அதுதான் பார்த்தேன். அந்தக் கடைசிச் சொல்லை இனிமேல் ஒரு பொலிஸ்காரனுக்கும் சொல்லாதே."

ஏதோ தட்டிப் பதிந்து, முத்திரை குத்தி விட்டுவிட்டார். மணி நாலு ஐந்து.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு நேரே போகிற பஸ் ஆளுக்கு ஐந்தரை யூரோ. நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், தெரு வெறுமையாக இருந்தால் ஒரு மணிநேரம். அன்று கடற்கரைத் தெருவில் நத்தை மாதிரி ஊர்ந்தது. முன்னால் போய்ச் சாரதியிடம் ஐந்தரைக் கப்பல் கிடைக்குமா என்று கேட்டேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உன் கப்பல் தலைவன் என்னைவிட மெதுவானவன் என்றால் கிடைக்கும்" என்றான்.

ஐந்து இருபத்தாறுக்கு இறங்கினோம். கப்பல் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, அறுநூறு மீட்டர் இருக்கும். சரோஜா ஓடமாட்டாள். நான் ஓடினால் விழுவேன். இரண்டு பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். பாதித் தூரத்தில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. பின்கதவை ஏற்றுகிறார்கள் என்று தெரியும்.

"நில்லும், இனிப் பிடிக்க ஏலாது" என்றேன்.

சரோஜா பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கப்பல் திரும்பி வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த கப்பல் மறுநாள் காலை ஏழரைக்கு. தவறவிட்ட டிக்கெட்டுக்குக் காசு திரும்பாது. புதிதாக ஆளுக்கு நாற்பத்திரண்டரை யூரோ கொடுத்து எடுத்தோம். துறைமுகத்துக்குப் பின்தெருவில் மூன்று விடுதிகளில் கேட்டு, நாலாவதில் எழுபத்தைந்து யூரோவுக்கு ஓர் அறை எடுத்தேன். பேரம் பேசியபோது மரியாதையான சொற்களை மட்டுமே பயன்படுத்தினேன்.

அறையில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது சரோஜா கேட்டாள், "இப்ப வாணி எடுப்பாள். என்ன சொல்லப் போறியள்?"

"உண்மையைத்தான்."

"இஞ்சாருங்கோ, விசர் வேலை பாக்காதேங்கோ. கடல் தெரியுது எண்டு சொல்லுங்கோ. யன்னலால தெரியுதுதானே."

உண்மைதான், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சாண் கடல் தெரிந்தது. அதைப் பார்த்தபடி யோசித்தேன். பொய் சொன்னால் அடுத்த வருடமும் போகலாம். சொல்லிப் பிடிபட்டால், இந்த இரண்டு பேரையும் நம்பி எங்கேயும் விட ஏலாது என்று அவள் நினைப்பாள். அதற்குப் பிறகு எந்தத் தீவு?

ஏழு மணிக்குப் போன் அடித்தது. நான் எடுத்து, "பிள்ளை, கப்பலை விட்டிட்டம். பிரேயஸில நிக்கிறம்" என்றேன். சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் அப்பா. உங்கட போன் எங்கை நிக்குது எண்டு எனக்குக் காட்டும். ஒன்றரை மணித்தியாலமா அந்தத் தெருவையே பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"பிறகேன் எடுக்கேல்லை?"

"சொல்லுவியளோ எண்டு பாத்தனான். அறை எடுத்திட்டியளோ?"

"ஓம்."

"சாப்பிட்டியளோ?"

"ஓம். பொரிச்ச மீன். உன்ர அம்மா மேல தூள் போட்டவ."

அவள் சிரித்தாள். "நான் வந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பன். அதோட அழுதும் இருப்பன்."

அடுத்த நாள் கப்பல் நாலு மணிநேரம், எண்பது கடல்மைல், காற்றில்லை. மேல்தளத்தில் காற்றுப் படாத பக்கம் எது என்று கேட்டால், கப்பல் புறப்பட்ட பிறகு இடத்தைத் தெரிவு செய்யுங்கள், முதலில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பத்து நிமிடத்தில் எழும்பி வருவார்கள். சீரோஸில் கத்தினாவின் வீட்டுக்கு முப்பத்திரண்டு படி. இருபத்தோராவது படியில் நின்று மூச்செடுத்தேன். போன வருடம் நிற்கவில்லை. அறை இரவுக்கு நாற்பத்தைந்து யூரோ, அடுப்பும் இரண்டு சட்டியும் உண்டு. கத்தினா நாங்கள் வராத இரவின் வாடகையைக் குறைக்கவில்லை, ஆனால் ஒரு தட்டு அத்திப்பழம் வைத்திருந்தாள்.

இனி நேர்மையாகச் சொல்கிறேன். முதல் இரண்டு நாளும் நாங்கள் படுத்துத்தான் கிடந்தோம். மூன்றாம் நாள் பஸ்ஸில் கலீசாஸ் கடற்கரைக்குப் போனோம். சரோஜா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகித் தண்ணீருக்குள் கதிரை போட்டு உட்கார்ந்தாள். நாலாம் நாள் துறைமுகத்தில் ஏற்றிக் கிடந்த ஒரு கப்பலை, ஆட்கள் அடியைச் சுரண்டுவதை, மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள்தான் உடம்பு தீவுக்குப் பழகியது. ஆறாம் நாள் பெட்டி அடுக்கினோம்.

திரும்பி வந்த ஞாயிறு வாணி வீட்டுக்கு வந்தாள். நாங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தோம். அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அடுத்த வருஷமும் போங்கோ. ஆனால் போற அண்டைக்கே கப்பல் எடுக்கக் கூடாது, ஒரு நாள் பிரேயஸில படுத்து எழும்பிப் போகவேணும்" என்றாள். அவ்வளவுதான். வாசிக்கிற உங்களுக்கும் நான் சொல்லும் முதல் புத்தி அதுதான். அறுபது தாண்டியவர்கள் விமானமும் கப்பலும் ஒரே நாளில் வைக்காதீர்கள். கை வேலை செய்து விரல் தேய்ந்தவர்கள் வரிசையில் நிற்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். கணவன் மனைவி கடவுச்சீட்டோடு அவரவர் காகிதத்தையும் அவரவர் கையில் வைத்திருங்கள்.

ஆனால் வாணி போன பிறகு வேறொரு யோசனை வந்தது. இவ்வளவு நாளும் அவள் மறிப்பாள் என்று பயந்துகொண்டிருந்தோம். மறிக்கவில்லை. அப்போதுதான், நாங்கள் போவோமா என்ற கேள்வி எங்கள் மடியில் வந்து விழுந்தது. அந்த வரிசை, அந்தப் பஸ், அந்த முப்பத்திரண்டு படி. எனக்கு எழுபத்து மூன்று. வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது, அதையும் சொல்கிறேன்.

"என்ன, களைச்சுப் போனியளோ?" என்று சரோஜா கேட்டாள்.

"களைச்சுத்தான் போனன்."

"நானும்தான். ஆனால் பாருங்கோ, ஒரு கிழமைக்குப் போனாலும் இதே களைப்பு, மூண்டு கிழமைக்குப் போனாலும் இதே களைப்பு. பிறகேன் ஒரு கிழமைக்குப் போவான்?"

மூன்று கிழமைக்கு அறை இருக்கிறதா என்று கேட்க அன்றைக்கே கத்தினாவுக்குப் போன் எடுத்தேன். இலக்கத்தை யாரும் வாசித்துத் தரவேண்டியிருக்கவில்லை.