ஜன்னலுக்கு மேலே வந்த கறுப்பு

1. வெள்ளிக்கிழமை காலை

முதல்நாள் வெள்ளை அடித்து முடித்த சுவரில் விடிந்தபோது கறுப்பு நாக்குகள் நீண்டிருந்தன. பார்த்ததும் கையிலிருந்த வாளியைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அம்பிட்டியவில் ஒரு வீடு. முன்பக்கம் இரண்டு ஜன்னல். இரண்டுக்கும் மேலே, கூரையைத் தொடுகிற உயரத்துக்கு, அடுப்பில் தீ எரிகிற உருவத்திலேயே அந்தக் கறுப்பு வந்திருந்தது. முப்பத்தெட்டு வருசமாகக் கண்டியைச் சுற்றிப் பெயின்ட் வேலை செய்கிறேன். பெயின்ட் உரிந்து பார்த்திருக்கிறேன், கொப்புளித்துப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. கலர் பார்த்த நாள்

வீட்டுக்காரர் கமலா டீச்சர். பென்சன் எடுத்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் ரமேஷுக்குக் கொழும்பில் வேலை. அவர் விரும்பிய பெண் கலகெதரையில் ஒரு சிங்களக் குடும்பத்துப் பிள்ளை. பெண் வீட்டார் முதல்முதலாக அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார்கள். அதற்குள் வெளிப்பக்கம் முழுவதும் முடிய வேண்டும்.

மேசையில், கலர் மாதிரிகள் உள்ள ஷேட் கார்டை விரித்தேன். ரமேஷ் அதைத் தொடவே இல்லை. போனில் ஒரு படம் காட்டினார். சுவர் இளஞ்சாம்பல், ஜன்னலைச் சுற்றி வெள்ளை போர்டர்.

"சுவருக்கு என்ன கலர்னாலும் அடிங்க பாஸ்," என்றார் டீச்சர். இங்கே மேசனையும் பெயின்டரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஜன்னலச் சுத்தி மட்டும் அந்த பிரவுனே இருக்கட்டும்."

"அம்மா, இப்ப யாரும்மா இந்த பிரவுன் அடிக்கிறாங்க? பழைய ரெஸ்ட் ஹவுஸ் மாதிரி இருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து ரூம் இருக்கான்னு கேப்பாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம் ஒன் இஷ்டம். அத மட்டும் விட்டுரு."

ரமேஷ் என்னைப் பார்த்தார். நான் மகன் பக்கம் சாய்ந்தேன். "டீச்சர், வெள்ளை போட்டா வீடு பெருசா தெரியும். நம்பி விடுங்க." டீச்சர் ஷேட் கார்டை மடித்து என் கையில் தந்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அது என் முதல் பிழை.

3. பாசி என்று நினைத்தது

அந்த பிரவுன் போர்டரில் ஒரு விசித்திரம் இருந்தது. பக்கவாட்டில் நாலு அங்குலம்தான். மேலே மட்டும் கூரை வரைக்கும் போயிருந்தது. அந்தக் காலத்து டிசைன் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை தொடங்குமுன் புதுப் பிரஷால் சுவரில் சின்னதாக ஒரு சிலுவை போடுவது என் வழக்கம். எந்தச் சமயத்தவர் வீடானாலும் போடுவேன். பெயின்ட் மேலே போனதும் அது மறைந்துவிடும், ஆண்டவருக்கு மட்டும் தெரியும். இந்த வீட்டிலும் போட்டேன். பிறகு ஸ்கிரேப்பரை எடுத்து, வெடித்து நின்ற பழைய எனாமலைச் சுரண்டினேன். அடியில் கறுப்பாக இருந்தது.

அம்பிட்டியவில் மழைக்கும் பனிக்கும் பாசி பிடிக்காத சுவர் கிடையாது. கறுப்பைக் கண்டால் எங்கள் கை தானாகப் பாசி மருந்துப் போத்தலுக்குத்தான் போகும். "என்னண்ணே இது?" என்று கேட்ட ரமேஷிடம், "பாசி தம்பி. ரெண்டு தடவ மருந்து போட்டுக் கழுவினா போயிரும்," என்றேன். கழுவினேன், ஃபில்லர் போட்டேன், சுவருக்குச் சாம்பலும் பிரவுன் இருந்த இடத்துக்குத் தண்ணீர்ப் பெயின்ட் வெள்ளையும் இரண்டு கோட்டு அடித்தேன். வியாழன் பின்னேரம் வீடு பளிச்சென்று இருந்தது. டீச்சர் வெளியே வந்து பார்க்கவே இல்லை.

4. விரலில் ஒட்டியது

வெள்ளி காலை, கம்பு கட்டிய சாரத்தில் ஏறி அந்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிமெந்துப் பூச்சு வெந்து, மெல்லிய கோடு கோடாக வெடித்திருந்தது. கறுப்பு என் விரலில் மை மாதிரி ஒட்டியது. பாசி அப்படி ஒட்டாது. தேய்த்துப் பார்த்தேன், எண்ணெய்ப் பசை. கரி. ஜன்னல் வழியாக வெளியே வந்த தீயின் கரி.

சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டேன். எண்பத்துமூன்றில் தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த கலவரத்தின்போது நான் ஹேவாஹெட்டவில் தோட்டத்தில் இருந்தவன். அப்பா அம்மாவோடு தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தவன். அப்படிப்பட்ட என் கண்ணுக்கே இது நாலு நாளும் பாசியாகத் தெரிந்திருக்கிறது. ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

கீழே பார்த்தால் டீச்சர் நிற்கிறார்.

"வந்திருச்சா பாஸ்," என்றார். கேள்வி மாதிரியே இல்லை.

இறங்கினேன். அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "தீ வச்சப்ப நாங்க பின்பக்கத்தால போயிட்டோம். அதனாலதான் இருக்கோம். திரும்பி வந்து ரமேஷோட அப்பா தன் கையாலேயே சுண்ணாம்பு அடிச்சாரு. மூணு தடவ. மூணு தடவையும் வந்துச்சு. பொறகுதான் இந்த பிரவுன் எனாமல். இவன் அப்ப பொறக்கவே இல்ல."

"தம்பிக்குத் தெரியாதா டீச்சர்?"

"இந்த ஊர்லதானே ஸ்கூலுக்குப் போகணும், இந்தச் சிங்களப் புள்ளைங்களோடதானே வெளையாடணும். மனசுல ஒண்ணும் வேணாம்னு ரெண்டு பேரும் சொல்லாம விட்டோம். இப்ப அந்தப் புள்ள வேற மருமகளா வரப்போகுது. பாசின்னே சொல்லிருங்க பாஸ். பழைய பிரவுன அடிச்சிருங்க. ஒங்களக் கும்புடுறேன்."

என்னைவிட மூத்தவர், பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், பெயின்ட் பட்ட என் கையைப் பிடித்தார்.

அதற்குள் ரமேஷ் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். சுவரைப் பார்த்ததும் பிரஷ் வாயிலேயே நின்றது. "என்னண்ணே, பாசி மருந்து போட்டும் வந்திருக்கே? இது பாசிதானே?"

பாசி என்று நான் முன்பு சொன்னது தெரியாமல் சொன்னது. இனிச் சொன்னால் பொய். டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் மண்ணைப் பார்த்தேன். "பாசின்னு சொன்னது என் தப்பு தம்பி," என்றேன். "அது என்னான்னு அம்மாகிட்ட கேளுங்க."

5. வெள்ளை

பின்பக்கக் குழாயடியில் போய், சுத்தமாக இருந்த பிரஷையே திரும்பத் திரும்பக் கழுவினேன். ஒரு குடும்பத்தை உடைத்துவிட்டேனோ என்று பயம். ஜெபமாலை சொல்லப் பார்த்தேன், எண்ணிக்கை தவறிக்கொண்டே இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து ரமேஷ் வந்தார். கண் சிவந்திருந்தது. நேரே முன்பக்கம் போய்ச் சாரத்தில் ஏறினார். கறுப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். இறங்கி வந்து, "அப்பாவும் இது மாதிரி சாரத்துல ஏறித்தான் அடிச்சாரா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"மேசைக்கு மேல கதிரைய வச்சு ஏறினாரு," என்றார் டீச்சர். "நான் கதிரையப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

ரமேஷ் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, பிரவுனே அடிச்சிருங்க. அம்மா கேட்ட மாதிரி."

நான் பிரவுன் வாங்கக் கடைக்குப் புறப்பட்டேன். கேற்றைத் தாண்டுமுன் டீச்சர் கூப்பிட்டார்.

"பாஸ், வெள்ளை நிக்கிற மாதிரி செய்ய ஏலுமா?"

"ஏலும் டீச்சர். எண்ணெய் சீலர் ரெண்டு கோட்டு போட்டா கரி வெளிய வராது. நான் முதல்லயே அதத்தான் போட்டிருக்கணும்."

"அப்ப வெள்ளையே அடிங்க. மறைக்கிறதுக்குத்தான் பிரவுன் வேணும். இவனுக்குத்தான் தெரிஞ்சு போச்சே."

அன்று சீலர் போட்டேன். சனிக்கிழமை வெள்ளை அடித்தேன். இந்தத் தடவை டீச்சர் கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டு, கடைசிக் கோட்டு காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அது நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கரி வரவில்லை. மருமகள் அந்த ஜன்னலுக்குக் கீழே அந்தூரியம் சாடி வைத்திருக்கிறாள்.

வேலைக்காக ஒன்று சொல்கிறேன். கறுப்பைக் கண்டால் முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் பாசி. மையாக ஒட்டினால் கரி, அதற்குத் தண்ணீர்ப் பெயின்ட் சரிவராது.

இன்னொன்று, நான் இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் புதுக் கலர் என்ன என்று கேட்கிறதற்கு முன்னால், பழைய கலரை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும், "கடையில அன்னைக்கு அதுதான் இருந்துச்சு," என்பார்கள். சிரித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். யாராவது பதில் சொல்லாமல் ஷேட் கார்டை மடித்துத் தந்தால், ஸ்கிரேப்பரைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு கதிரை கேட்டு உட்கார்ந்துகொள்வேன்.