நோட்டீஸோடு போன சாவி

அடுத்தவர் ரகசியத்தைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் வக்கீல் தொழில். சட்டம் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. நாமக்கல் பக்கம் நாற்பது வருடமாக சிவில் வழக்கு பார்க்கிறேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஈ-ஃபைலிங்கோடு மல்லுக்கட்டும் என் வயது வக்கீல்களே, உங்களுக்குத்தான் இது. சின்னவர்கள் படிக்க வேண்டாம். அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு மறக்காத எண்

ஈ-ஃபைலிங் வந்த புதிதில் மெயிலுக்கு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னார்கள். மூன்று வைத்தேன். மூன்றும் மறந்துபோயின. கடைசியில் பார் கவுன்சிலில் பதிவு செய்த எண்ணையும் வருடத்தையும் சேர்த்து வைத்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஓடிபி வரும் ஏற்பாட்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். கோர்ட் ஹாலில் போன் கத்தினால் ஜட்ஜ் முறைக்கிறார்.

சரோஜா என் ஆபீசில் இருபத்தைந்து வருடமாக டைப் அடிக்கிறார். நான் அதட்டினால் பயப்படாத ஒரே ஆள். பாஸ்வேர்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க சார், இது நம்ம லெட்டர்பேடுல அச்சடிச்சிருக்கற நம்பருதானுங்களே?”

போண்டா கூட்டம்

இணையப் பாதுகாப்பு என்று வக்கீல் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். போண்டாவுக்காகப் போனேன். பேச வந்தவர் திரையில் செய்தியாகக் காட்டினார். கோர்ட் நோட்டீஸ் மாதிரியே போலி மெயில் வருகிறதாம். திறந்தால் கம்ப்யூட்டரில் உள்ள வழக்குக் கட்டு மொத்தமும் பூட்டிக்கொள்கிறதாம். கட்சிக்காரர் சொன்னதை மெயிலில் அப்படியே போட்டு வைக்காதீர்கள், இரண்டு பூட்டுப் போடுங்கள் என்றார்.

“என் பீரோவை இதுவரை எவனும் உடைத்ததில்லை” என்று எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தங்கவேலு, கிரிமினல் பார்க்கிறவர், என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். “அண்ணா, பீரோவை உடைச்சாச் சத்தமாச்சும் கேக்குமுங்க. இதுல எவன் வந்தான், எவன் போனான்னே தெரியாதுங்களாமா.”

ராமாயி சொன்னது

நாமகிரிப்பேட்டை ராமாயி என் கட்சிக்காரர். அறுபது தாண்டியவர். அப்பன் சொத்தில் பங்கு கேட்டுத் தம்பி முத்துசாமி மேல் வழக்கு. சொத்து இரண்டு துண்டு. ஒன்று கிணத்துக்காடு, மஞ்சள் விளையும். இன்னொன்று மேட்டாங்காடு, மழை பெய்தால் சோளம். லாரி ஓட்டி இடுப்புப் போன ராமாயி மகன் கிணத்துக்காட்டை நம்பித்தான் உட்கார்ந்திருந்தான். கோர்ட் சமரசத்துக்கு அனுப்பியது. “கிணத்துக்காட்டில் பாதி கேள், இறங்காதே” என்றேன். எதிர்தரப்பு வக்கீலே முந்தின வாரம் வராந்தாவில், பாதிக்கு முத்துசாமி ஒத்துக்குவார் போல, என்று சொல்லியிருந்தார்.

சமரசத்துக்கு முந்தின நாள் காலையில் ராமாயி வந்தார். அவர் பேசியதை சரோஜா வார்த்தை மாறாமல் டைப் அடித்து என் மெயிலுக்கே அனுப்பினார். மறுநாள் போனில் எடுத்துப் பார்க்க வசதி என்று நான்தான் சொன்னேன். ராமாயி சொன்னது இது: “பையனுக்குக் கிணத்துக்காடு வேணுமுங்க. தம்பி ஒரேடியா முறுக்கினா மேட்டாங்காடே போதும். நோம்பி நொடிக்கு அப்பன் ஊட்டுக்கு வந்து போக வழி இருந்தாச் சரி. இத அவங்கிட்டச் சொல்லீராதீங்க, சாமி.”

சமரச மேஜை

மறுநாள் முத்துசாமி மேட்டாங்காடு தவிர ஒரு சாண் தரமாட்டேன் என்றார். அவர் வக்கீலே திகைத்துப் பார்த்தார். முத்துசாமி அக்கா பக்கம் திரும்பினார். “ஏக்கா, நோம்பி நொடிக்கு அப்பன் ஊட்டுக்கு வந்து போக வழி இருந்தா உனக்குப் போதும். உன்ற மனசு எனக்குத் தெரியாதா?”

ராமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கையெழுத்துப் போடாதே, இன்னொரு வாய்தா வாங்கலாம் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. போட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் சொன்னார்: “பாத்தீங்களா சாமி, கூடப் பொறந்தவன். நான் வாயே தொறக்கல, அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.”

ஆத்தூரில் ஒரு போன்

பண்டிகை நாளுக்கு எங்கள் பக்கம் சொல்லும் அந்த ‘நோம்பி நொடி’ காதிலேயே நின்றது. என் அறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தபோது ராமாயி சொன்ன அதே வார்த்தை. சரோஜாவிடம் சொன்னேன். அவர் என் மெயிலில் எங்கெங்கோ தட்டி, அது எங்கெங்கே திறந்தது என்ற பட்டியலை எடுத்தார். சமரசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆத்தூரில் ஒரு போனில் என் மெயில் திறந்திருக்கிறது. நான் ஆத்தூர் போய் வருடக்கணக்காகிறது. முத்துசாமியின் மருமகன் அங்கே ஜவ்வரிசி மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கிறார்.

எப்படி நுழைந்தார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. வழக்குக்கு முன்னால் முத்துசாமிக்கு நோட்டீஸ் அனுப்பியது நான். லெட்டர்பேடில் மேலே என் பெயர், பதிவு எண், வருடம், மெயில் முகவரி. பூட்டையும் சாவியையும் ஒரே தாளில் அச்சடித்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பியிருக்கிறேன். அட்டை கையெழுத்தாகித் திரும்பியும் வந்தது. சரோஜா என்னைக் குத்திக்காட்டவில்லை. ஒன்றுதான் கேட்டார்: “அந்தம்மாகிட்ட யாருங்க சார் சொல்றது?”

சொன்னேன்

இரண்டு வாரம் சொல்லவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். பிறகு பஸ் ஏறினேன். மேட்டாங்காட்டில் ராமாயி கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். மகன் வரப்பில் இடுப்பைப் பிடித்தபடி நின்றான். வரப்பு மேல் புது வேட்டி ஒன்று, பையோடு. அடுத்த வாரம் நோம்பிக்குத் தம்பிக்குக் கொடுக்க எடுத்ததாம், எனக்குக் காட்டினார்.

பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம், சமரசத்தில் போட்ட ராஜியை ரத்து செய்ய மனு போடலாம், வேறு வக்கீல் வைத்து என் மேலும் நடவடிக்கை எடுக்கலாம் என்றேன். அவர் வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: “காடு போனாப் போவுதுங்க. நேத்து வரைக்கும் எனக்கொரு தம்பி இருந்தானுங்க, சாமி.”

நாற்பது வருடத்தில் எதிர்தரப்புக்கு நான் முழுசாக ஜெயித்துக் கொடுத்த வழக்கு இது ஒன்றுதான்.