கரை தெரியும் பக்கம்

சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலின் மேல்தளக் கம்பியில் நான்கு துண்டுகளை விரித்து, நான்கு பேர் நிற்கும் இடத்தைத் தனியாளாகப் பிடித்து வைத்திருந்தார் அந்தத் தொப்பைக்காரர். எங்களைப் போல அவரும் நெய்வேலிதானாம். ஊர்க்காரர் யாரிடமும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்; என்னிடமும் கேட்டார்.

“மைன்ஸ்ல பர்மனென்டா, கான்ட்ராக்டா?”

“கான்ட்ராக்டுங்க.”

“அப்ப அந்தப் பக்கம் போங்க. கரை இங்கதான் தெரியும், நான் புடிச்சிகினேன்.”

கரை விலகுவதைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருந்த என் மனைவி, எதிர்ப்பக்கம் நடந்தாள். புறப்பட்ட கப்பல் மெல்லத் திரும்பியது. துறைமுகமும் கலங்கரை விளக்கமும் எங்கள் பக்கம் வந்துவிட்டன. அவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“கொஞ்சம் நவுருங்க.”

வெட்கமே இல்லாத ஜென்மம். என் மனைவி அசையவில்லை. நான் நகர்ந்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.