பஸ்ஸில் கேட்ட மச்சான்

வாழைச்சேனை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு ஒல்லிப் பிள்ளை. கம்பஸில் முதல் நாளாம், அங்கே ஒருவரையும் தெரியாதாம், முகமெல்லாம் வியர்வை. அடிக்கடி போனை வாயருகே பிடித்து, “மச்சான், வாசல்ல நிப்பியா?” என்றாள்.

எங்கள் பக்கம் மச்சான் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. என் வாய் சும்மா இருக்குமா?

“மாமிட மகனா புள்ள?”

“இல்ல அம்மம்மா, வாட்ஸ்அப் குறூப்பில பழக்கம். இன்னும் நேரில காணல்ல.”

“காணாதவனோடயா இந்தக் கொஞ்சல்? வெக்கமில்லையா?”

பஸ்ஸே சிரித்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

கம்பஸ் வாசலில் அவள் இறங்கியதும், பர்தா போட்ட ஒரு பெண்பிள்ளை குடையோடு ஓடி வந்து, “மச்சான், பயந்திட்டியா?” என்று அவள் கையைப் பிடித்தாள்.

“கம்பஸ் புள்ளையளுக்கு எல்லாரும் மச்சான்தான் ஆச்சி,” என்றார் கண்டக்டர்.

அந்த வியர்த்த முகம் சிரித்ததில் எனக்கும் சந்தோசம்தான். அவள் திரும்பி எனக்குக் கை காட்டினாள். வெக்கமில்லையா என்று அவளைக் கேட்ட எனக்குத்தான் வெக்கம்; கை மடியை விட்டு எழவில்லை.