நாற்பது நிமிடம்

இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே போய்ப் படுக்கலாம். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மலையைக் குடைந்த சுரங்கப்பாதை. உள்ளே ஒற்றைத் தண்டவாளம், அதை ஒட்டி ஒரு கழிவுநீர் வாய்க்கால். மேற்கு வாயிலிலிருந்து கல் ஏற்றிய வண்டி கிளம்பினால் என் அறையில் மணி அடிக்கும். அது வந்து சேரும் நேரத்தில் கிழக்கு வாயில் கதவை நான் திறக்க வேண்டும். இந்த மகா வித்தைக்கு ஓர் எழுத்துத் தேர்வு. மறுநாள் காலையில். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவன் நான். மூன்றாவதும் போனால் பழையபடி கல் சுமக்க வேண்டியதுதான்.

தேர்வு முழுக்கத் தூரம், வேகம், நேரம். அதைவிட அசட்டுத்தனம் உலகில் கிடையாது. இரண்டு ரயில்கள் ஒரே நொடியில் கிளம்பும். எதுவும் பழுதாகாது. எந்த டிரைவரும் ஒன்றுக்குப் போக இறங்கமாட்டான். இதையெல்லாம் எழுதிய ஆள் வாழ்நாளில் ஒரு வண்டிக்காவது காத்து நின்றிருப்பானா? நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் உதறியதில் தப்பே இல்லை.

மேற்கு வாயிலில் வேலை பார்ப்பவர் என் அக்கா கணவர். முன்பு என் நாற்காலியில் இருந்தவர். அன்று ராத்திரி போன் போட்டுக் கணக்குக் கொடுத்து உயிரை வாங்கினார்.

"விடை மணியில வந்தா அறுபதால பெருக்கு, மாப்ள. புள்ளிக்கு அப்புறம் நிக்கிறது நிமிஷம் இல்ல."

"நூறு தடவ சொல்லிட்டீங்க, மாமா."

"இன்னொரு தடவயும் கேளு. மண்டையில களிமண்ணாவது இருந்தா ஒட்டும்."

வைத்துவிட்டார்.

மணி ஒன்று பத்து. மறுபடி போன்.

முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு ஒரு குரல்.

"மேற்கால வண்டி கிளம்பிருச்சுங்களா?"

மணி அடிக்கவில்லை. மாமாதான் குரலை மாற்றிக்கொண்டு என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். படு மட்டமான நடிப்பு.

"கிளம்பிருச்சு."

"ஆறு கிலோமீட்டர். மணிக்குப் பதினஞ்சு. எனக்கு எவ்வளவு நேரம் இருக்குங்க?"

ஆறைப் பதினைந்தால் வகுத்தேன். புள்ளி நான்கு. தூக்கம் வேறு கண்ணைச் சொருகியது.

"நாப்பது நிமிஷம். போதுமா?"

"தாராளமாங்க. வாய்க்கால அள்ளிட்டு வந்துடறேன்."

வாய்க்காலா? கணக்கில் வாய்க்கால் எங்கே வந்தது?

கதவுக்கு அப்பால், சுரங்கத்துக்குள், மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

சரக்... சரக்...

கதவின் துவாரத்தில் டார்ச் அடித்தேன். யாரும் இல்லை. வெகுநேரமாகியும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. புள்ளி நான்கு. அறுபதால் பெருக்க வேண்டும்.

இருபத்து நான்கு.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று முப்பத்து மூன்று.

"வெளிய வாங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

சரக்... சரக்...

தண்டவாளம் அதிர்ந்தது.

சக்கரச் சத்தம்.

வெளிச்சம் இல்லை.

மண்வெட்டி நின்றது.

குளிர்ந்த காற்று ஒன்று என் முகத்தில் அறைந்துவிட்டுப் போனது. வண்டி எதுவும் வரவில்லை. கதவு மூடியே இருந்தது.

போன் அடித்தது.

"நாப்பதுன்னு சொன்னீங்களே..."

காலையில் தேர்வு எழுதினேன். எல்லா விடையையும் கை தானாகவே அறுபதால் பெருக்கியது. தேறிவிட்டேன். வேலை நிலைத்தது.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டார்.

"கணக்கு கேட்டு வச்சப்புறம் நான் போனே தொடல, மாப்ள. வண்டியும் விடல."

"அப்ப உள்ள இருந்து யாரு பேசுனது?"

"உள்ள ஒரு போன் இருந்துச்சு. வாய்க்கால் அள்ற ஆளுங்களுக்கு. பதினோரு வருஷம் முன்னாடி ஒருத்தன் வண்டியில அடிபட்டுச் செத்தான். அதோட கழட்டிட்டாங்க."

நாடாவை மறுபடி கையில் எடுத்தார்.

"நீ எவ்வளவுன்னு சொன்ன?"

"நாப்பது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நானும் அவன்கிட்ட அதான் சொன்னேன்."