துணிமூட்டைப் புனிதர்

கான்வென்ட்டில் எங்களுக்குச் சரித்திரம் நடத்திய சிஸ்டர் இங்கிலாந்துக்காரர். நாடு சுதந்திரம் அடைந்த அந்த வருடம் வெள்ளைக்காரர்கள் பலர் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தன் நாட்டுப் புனிதர் ஒருவரைப் பற்றி எங்களை வைத்து நாடகம் போட்டார். அந்தப் புனிதர், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் சேறும் நாணலுமான ஒரு குக்கிராமத்தில், ஏழைக் குடியானவருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். ஏர் பிடிக்காமல், சில்லறைச் சாமான்களை மூட்டை கட்டி ஊர் ஊராக நடந்து விற்றாராம். நடக்கும்போதே ஜெபம் சொல்லிக்கொள்வாராம். கப்பலேறியது, காட்டில் தவம் இருந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புனிதர்கள் பிறக்கும்போதே ஒளிவட்டத்தோடு வருவார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, காலில் சேறு அப்பிய இந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போனது. கூடவே பயமும் வந்தது. என் அப்பா சைக்கிளில் துணிமூட்டை கட்டி, "முருகா முருகா" என்று மிதித்து, குருபோங், புக்கிட் ரம்பாய் எனச் சுற்றியிருந்த மலாய்க் கிராமங்களில் வீடு வீடாக விற்பவர். நானோ, அப்பாவுக்கு டவுனில் ஜவுளிக்கடை என்று வகுப்பில் அளந்து வைத்திருந்தேன்.

நான் உயரம் என்பதால் புனிதர் வேடம் என் தலையில் விழுந்தது. அப்பாவிடமே மூட்டை கட்டி வாங்கிக்கொண்டு, "பெத்தவங்க வரக்கூடாதாம்பா" என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். அப்படியே நம்பினார். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மேடையில் மூட்டையை அவிழ்க்கும் கட்டம் வந்தது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

"அந்த முனைய இழுக்காதம்மா, இறுகிக்கும்! சின்ன முனைய இழு!"

அப்பா! பக்கத்து வீட்டில் யாரோ சொல்லி, வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். மகள் தவிப்பதைப் பார்த்ததும் கத்திவிட்டார். அத்தனை தலைகளும் திரும்பியதும், சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

சின்ன முனையை இழுத்தேன். மூட்டை அவிழ்ந்தது.

துணி வாங்கும் வீட்டுக்காரியாக நடித்த தோழி கிசுகிசுத்தாள்.

"யாருடி அது?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அதற்கு மேல் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தூணோரம் அவருடைய சட்டைக் கை மட்டும் தெரிந்தது.

"எங்கப்பா," என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அவருக்குக் கடையெல்லாம் கிடையாது."